இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு நாற்காலி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. பச்சைக் கலர். ஒரு கையில் கீறல் விட்டு, அதற்கு மேல் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அந்த நாற்காலியைப் பார்த்து ஒரு கோடைகாலம் முழுவதும் எனக்கு வயிறு எரிந்தது. அறுபத்தாறு வயதில் நாற்காலிக்காகப் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் படித்ததே ஐந்தாவது வரைக்கும்தான், எழுத வருவதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்ட இவரைத்தான் கூப்பிடுவார்கள். புளியமரத்தின் உச்சியில் ஏறி நான்கு திசைக்கும் நான்கு குழாய் கட்டிவிட்டு இறங்குவார். முழங்கால் போன பிறகு மரம் ஏற முடியவில்லை, தொழிலை விட்டுவிட்டார். விட்ட பிறகு அவருக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸியைக் கழற்றுவார், மாட்டுவார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் இதைப் பார்த்துவிட்டு, தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் அதற்கான ஆம்ப்ளிபையரையும் அப்பாவுக்கு அனுப்பி வைத்தான். அவன் வேறு வாங்கிக்கொண்டானாம்.

பெட்டி வந்த அன்றைக்கே இவர் கட்டிவிட்டார். ஒரு பெட்டியைத் தெருக்கதவுக்கு மேலே பரணில், முகம் தெருவைப் பார்க்க. இன்னொன்றைப் பின்கட்டுக் கதவுக்கு மேலே, முகம் கிணற்றைப் பார்க்க. நாற்பது வருஷத்துப் பழக்கம். பெட்டி என்றால் அவருக்கு ஊருக்குக் கேட்க வேண்டும். பாட்டைப் போட்டதும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுவதும் எட்டிப் பார்த்தது.

பக்கத்துப் பாகத்திலிருந்து என் ஓரகத்தி ஓடி வந்தாள். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. மாமனார் கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். தம்பி பட்டுத் தறி நெய்கிறார். இவள் தறியில் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா, அதாவது நூல் ஓடும் கட்டை, போடுவாள். அவள் பத்தாவது வரைக்கும் படித்தவள். உயரமானவள். யாரிடமும் வாய் திறந்து பேசுவாள், சிரிப்பாள். நான் ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிற ஜாதி.

"இன்னா மாமா, தெருவுல யாருக்குக் கல்யாணம்? எங்களுக்குப் பத்திரிகையே வெக்கல?" என்றாள் வாசலில் நின்றுகொண்டு.

"பொண்ணு மாப்பிள்ளை உள்ள இருக்காங்க, வந்து பாரு" என்று என்னைக் காட்டினார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் மகன் போனில் வீடியோவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, இது கொழாய் இல்லப்பா. தெருவுக்குக் கேக்கறதுக்கு இல்ல, ஒரு ஆளு ஒக்காந்து கேக்கறதுக்கு. ரெண்டையும் ஒரே சுவத்துப் பக்கம் வெய்யி. சுவத்தோட ஒட்டாத, ஒட்டுனா கும்முன்னு கேக்கும். ரெண்டு பொட்டிக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ, அவ்ளோ தூரத்துல நாற்காலி. முக்கோணம்பா. பொட்டி காது உயரத்துல இருக்கணும், மூஞ்சி கொஞ்சம் உன்னப் பாத்துத் திரும்பி இருக்கணும். அப்டி வெச்சின்னா கொரலு ரெண்டு பொட்டியிலயும் இல்லாம நடுவுல வந்து நிக்கும்."

"நடுவுல இன்னாடா இருக்குது, ஒண்ணுமில்லியே?"

"அதாம்பா விசேஷமே."

அன்றையிலிருந்து இவருக்கு வேறு வேலை இல்லை. பழைய ரேடியோ செட் சாமான் வைத்திருந்த இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஸ்பீக்கரை வைத்தார். பச்சை நாற்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டார். அளக்க டேப் தேடினார், கிடைக்கவில்லை. நான் கொழுந்தனாரின் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். அதாவது நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ராட்டையால் பட்டு நூல் சுற்றுவது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் வேலை அதுதான். "ஒரு பத்து முழம் நூல் குடு" என்றார். அரக்குக் கலர் நூல் கொடுத்தேன். ஒரு பெட்டியிலிருந்து நாற்காலி முதுகு வரைக்கும் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். அதே நூலை அடுத்த பெட்டியிலிருந்து இழுத்துப் பார்த்தார். நாலு விரல்கடை குறைந்தது. நாற்காலியை நகர்த்தினார். மறுபடி இழுத்தார்.

எல்லாம் முடிந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "வா, வந்து ஒக்காரு. கொரலு நடுவுல வருதான்னு சொல்லு" என்றார்.

"அடுப்புல வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

ஏன் போனேன் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது காது கேட்காது.

முசரவாக்கத்தில் என் பிறந்த வீட்டில், ஏழு வயதில் அந்தக் காதில் சீழ் வந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். சீழ் நின்றது, கூடவே காதும் நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா பாயைச் சுவரோரமாகப் போட்டு, என் இடது பக்கம் சுவர் வரும்படி உட்கார வைத்தாள். "யாரு இன்னா கேட்டாலும் இந்தப் பக்கத்துலேர்ந்துதான் கேப்பாங்க. பயப்படாத" என்றாள். கல்யாணத்தில் தாலி கட்டியதும் என்னை அவருக்கு இடது பக்கம் உட்கார வைத்தார்கள். பெண்டாட்டி புருஷனுக்கு இடது பக்கம்தானே. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. இடது பக்கம் நான் இருந்தால் என் வலது காது அவர் பக்கம். கோயிலுக்குப் போனால் இடது பக்கம், கல்யாண வீட்டில் இடது பக்கம். வண்டியில் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் வலது காதுதான் அவர் முதுகுப் பக்கம் வரும். கடவுளே பார்த்துச் செய்த ஏற்பாடு மாதிரி நாற்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பதில் சொல்லாமல் போனால், "அவ கூச்ச சுபாவம்" என்று விட்டுவிடுவார்கள். கூச்சம் எனக்கு உண்டுதான். ஆனால் அதில் பாதி காது.

ஊருக்கே சத்தம் கட்டிய மனுஷனுக்குப் பாதிச் சத்தம் கேட்கிற பெண்டாட்டி. அது அவருக்குத் தெரியக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்ற எல்லா இடத்திலும் சமாளித்துவிட்டேன். அந்த நாற்காலியில் மட்டும் சமாளிக்க முடியாது. அதில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும்.

நான் போனதும் அவர் சுவரைத் தட்டினார். "எம்மா, சும்மாதான் இருக்கியா? இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ."

ஓரகத்தி வந்தாள், உட்கார்ந்தாள். பாட்டுப் போட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். முதலில் சும்மா இருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. கையை நீட்டி, முன்னால் காற்றில் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"மாமா! தோ இங்க! நடு நெத்திக்கு எதிர்க்க வந்து நிக்குது மாமா. ஆளு ஒக்காந்து பாடற மாதிரியே இருக்குது. இந்தாண்ட தபேலா, அந்தாண்ட வயலினு. நடுவுல பாடற அந்தம்மா. அய்யோ, கை நீட்டுனா தொட்டுடலாம் போல!"

அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். மகன் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அது தினப்படி ஆகிவிட்டது. தறி ஓடும்போது சுவரே அதிரும், பாட்டுக் கேட்க முடியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொழுந்தனார் படுப்பார். அந்த நேரம்தான் பாட்டு நேரம். தறி நின்றால் ஓரகத்திக்கும் கை ஓய்வு. தறி நின்ற அடுத்த நிமிஷம் அவள் காலடி கேட்கும். அது மட்டும் எனக்கு ஒரு காதிலேயே நன்றாகக் கேட்டது.

அவளுக்குக் காது கூர்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே, "இன்னாங்க, இழை அறுந்துட்ச்சா? சத்தம் மாறுதே" என்று புருஷனுக்குக் குரல் கொடுப்பாள். போய்ப் பார்த்தால் அறுந்துதான் இருக்கும். அந்தக் காதைத்தான் இவர் அளவுகோலாக வைத்துக்கொண்டார். "வலது பொட்டிய ஒரு விரல் உள்ள திருப்பவா?" என்பார். "வேணாம் மாமா, இப்ப இடதுதான் கம்மியா இருக்குது" என்பாள். எதிர்ச்சுவர் எதிரொலிக்கிறது என்று அவள்தான் சொன்னாள். ஜமக்காளத்தை எடுத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். என் அம்மா வீட்டிலிருந்து வந்த ஜமக்காளம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்ப எப்டி?"

"இப்பதான் மாமா தெளிவா இருக்குது. மொதல்ல குளியலறையில பாடற மாதிரி இருந்துது."

நான் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன். "நீயும் ஒக்காருக்கா" என்பாள் அவள், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே. எங்கே உட்காருவது? தரையிலா? "எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டு வருவேன். வரும்போது, வேண்டுமென்றே இரண்டு தம்ளரையும் ஒன்றின் மேல் ஒன்று டங்கென்று வைப்பேன். என்னால் முடிந்த சண்டை அவ்வளவுதான்.

தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அப்படிப்பட்ட மனுஷர் இல்லை, அவளும் அப்படிப்பட்டவள் இல்லை. அது எனக்குத் தெரியும். அப்படி ஏதாவது இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருக்கலாம். இது வெறும் நாற்காலி. "இது எப்படிக் கேக்குது உனக்கு?" என்று ஒரு மனுஷன் ஒருத்தியைப் பார்த்துக் கேட்பது. நாற்பத்தைந்து வருஷத்தில் குழம்பு எப்படி என்று நான் அவரைக் கேட்டிருக்கிறேன். எனக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்ட ஒரே ஒரு தடவையும் நான் அடுப்பைச் சொல்லி ஓடிவிட்டேன். அதனால் அவள் மேல் எரிந்ததில் என் மேல் எரிந்ததும் கலந்துதான் இருந்தது.

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது அந்த முடிச்சு. பெட்டி காது உயரத்தில் இருக்க வேண்டும் என்று மகன் சொன்னானே. ஒரு நாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நூலின் ஒரு நுனியைத் தரையில் கால்விரலால் மிதித்துக்கொண்டு, இன்னொரு நுனியை அவள் காதுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தொடவில்லை. ஒரு சாண் தள்ளித்தான் பிடித்தார். "அசையாத" என்றார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அந்த உயரத்தில் நூலில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்குச் சரியாக ஸ்பீக்கர் வாய் வரும்படி அடியில் செங்கல் வைத்து ஏற்றினார். நான் அவளைவிட அரை அடி குட்டை. நான் உட்கார்ந்தால் பாட்டு என் தலைக்கு மேலேதான் போகும். நான் சுற்றிய நூல், அவள் காது உயரம். ராட்டையில் கை வைத்தால் அந்த முடிச்சுதான் கண்ணில் நின்றது. அன்றைக்கு மூன்று தார் அறுந்துபோயிற்று.

ஒரு நாள் அவர் பாட்டை ஓடவிட்டுவிட்டுத் தெருவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார். தறி ஓடவில்லை, ஆனால் அவள் இன்னும் வரவில்லை. நான் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். திருடப்போனவள் மாதிரி ஒரு கண் வாசலிலேயே இருந்தது. வலது பெட்டி பாடியது. இடது பெட்டி பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல் மங்கலாக இருந்தது. தலையைத் திருப்பினேன். இப்போது இடது பெட்டி வந்தது, வலது போய்விட்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நடுவில் யாரும் வரவில்லை. சுவரும், சுவரில் தொங்கும் என் ஜமக்காளமும்தான் தெரிந்தது. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டேன்.

அன்றைக்கு ராட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். கேட்காவிட்டால் என்ன, சொல்லத் தெரியாதா? அவள் சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஐந்தாவது வரைக்கும் மனப்பாடம்தானே செய்தேன்.

அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஓரகத்தி தன் அக்காவோடு திருப்புட்குழி கோயிலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் இவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். நானே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு.

நிமிர்ந்து பார்த்தார். "அடடே" என்றார். சந்தோஷப்பட்டார். அது எனக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம் வந்தது.

பாட்டைப் போட்டார். பெட்டிக்குப் பின்னால் மறுபடி குனிந்தார். "எப்டி இருக்குது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

நான் கையை நீட்டினேன், அவள் நீட்டுகிற மாதிரியே. "தோ, நடு நெத்திக்கு எதிர்க்க வந்து நிக்குது. ஆளு ஒக்காந்து பாடற மாதிரி இருக்குது. இந்தாண்ட தபேலா, அந்தாண்ட வயலினு."

அவர் எழுந்து நின்றார். கையில் ஒயர் இருந்தது. என்னைப் பார்த்தார்.

அதே நேரத்தில் வாசலில் சிரிப்புச் சத்தம். பஸ் உடனே கிடைத்து ஓரகத்தி சீக்கிரம் திரும்பிவிட்டாள். கையில் பிரசாதப் பொட்டலம்.

"அக்கா! அய்யய்ய, இன்னாக்கா நீ! ஒரு பொட்டிதான் பாடுது, அந்தாண்ட பொட்டி ஒயரு மாமா கையில இருக்குது பாரு! நடுவுல எங்கேர்ந்து வரும்? வயலினு எங்க இருக்குது? வலதுல இருக்கறது மட்டுந்தான் கேக்குது!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் சொன்னத அப்டியே ஒப்பிக்குதுங்க மாமா எங்கக்கா!"

அவரும் சிரித்தார். முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தை, தலையின் இந்தப் பக்கத்தை, அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போனேன். பிரசாதத்தைக்கூட வாங்கவில்லை.

மறுநாள் காலை. நான் ராட்டையில் இருந்தேன். யாரோ என் வலது பக்கம் வந்து, "எத்தினி வாட்டி கூப்புட்றது?" என்றார்கள். திரும்பினால் அவர்.

"எப்ப கூப்ட்டீங்க?"

"இந்தாண்ட நின்னு மூணு வாட்டி கூப்ட்டேன். 'மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ' கூடச் சொன்னேன்." இடது பக்கத்தைக் காட்டினார். "நீ திரும்பவே இல்ல."

என் கை ராட்டையில் நின்றுவிட்டது.

"எத்தினி வருஷமா?" என்று கேட்டார்.

"சின்ன வயசுலேர்ந்து."

"கல்யாணத்துக்கு முன்னாலயேவா?"

தலையாட்டினேன். சுவரோரம் பாய் போட்டதைச் சொன்னேன். எண்ணெய் ஊற்றியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவர் உட்காரக்கூட இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க இன்னா நெனைப்பீங்களோன்னு."

"காஞ்சீபுரம் பூரா எவனுக்குச் சத்தம் கேக்குது, எவனுக்குக் கேக்கலன்னு மரத்து மேல ஏறிப் பாத்துக் கொழாயைத் திருப்பி வெச்சவன் நான். என் வூட்ல, எம் பக்கத்துல..." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

வாசல் வரைக்கும் பின்னால் ஓடினேன். "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

இரண்டு நாள் பாட்டு இல்லை. மத்தியானம் தறி நிற்கும், ஓரகத்தி வருவாள். "இன்னா மாமா, பொட்டி ரிப்பேரா?" "ஆமா." அவ்வளவுதான் பதில். அவள் என்னைப் பார்ப்பாள், நான் முறத்து அரிசியைப் பார்ப்பேன். அவளை அப்படித் திருப்பி அனுப்பியதில் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. என்னோடும் அவர் பேசவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் அது கேவலமான சந்தோஷம்தான். நாற்பத்தைந்து வருஷம் ஏமாற்றிவிட்டாள் என்று நினைக்கிறாரா, செவிட்டுப் பெண்டாட்டி என்று நினைக்கிறாரா என்று தெரியாமல் இரண்டு ராத்திரியும் வலது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்தேன். அவர் குறட்டை கேட்காமல் இருக்க நான் எப்போதும் செய்கிற வேலை. அன்றைக்கு அவர் குறட்டை விட்டாரா, விழித்துக்கொண்டிருந்தாரா என்று அதனாலேயே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மகனுக்குப் போன் போட்டார். "டேய், ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ஒண்ணா கலக்கறதுக்கு வழி இருக்குதா?"

"இருக்குதுப்பா, போன்லயே இருக்குது. எதுக்குப்பா? அவ்ளோ கஷ்டப்பட்டு நடுவுல கொண்டாந்தியே?"

"சும்மாதான். சொல்லு, எங்க அமுக்கணும்?"

அமுக்கினார். பிறகு இடது பெட்டியின் ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்தார். வலது பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் ராட்டைக்குப் பக்கத்தில் வந்தார். முழங்கால் வலியோடு அந்த மரப்பெட்டியையும் இழுத்து வந்தார். நான் எழுந்திருக்கப் போனேன்.

"ஒக்காரு. அசையாத" என்றார்.

அந்த அரக்கு நூலை எடுத்தார். ஒரு நுனியைக் கால்விரலால் மிதித்தார். இன்னொரு நுனியைத் தூக்கி என் வலது காதுக்கு நேராகப் பிடித்தார். ஒரு சாண் தள்ளி இல்லை. காதிலேயே நூல் பட்டது, தோட்டில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டார். முடிச்சுப் போட்டார். பழைய முடிச்சு இதற்கு மேலே ஒரு முழம் தள்ளி இருந்தது. அந்தத் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டார். மரப்பெட்டிக்கு அடியிலிருந்த செங்கல்லெல்லாம் போயிற்று. ராட்டைக்குத் தரையில்தானே உட்காருகிறேன், பெட்டியும் கிட்டத்தட்டத் தரைக்கே வந்துவிட்டது.

பாட்டைப் போட்டார். "எப்டி இருக்குது உனக்கு?"

இந்தத் தடவை நான் மனப்பாடம் செய்யவில்லை. தபேலா கேட்டது, அந்தம்மா குரல் கேட்டது. குரலுக்குப் பின்னால் மெல்லிசாக ஜால்ரா மாதிரி ஒன்று சிணுங்கிக்கொண்டே போனது. அந்தப் பாட்டை அந்தக் கோடையில் ஐம்பது தடவை கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருப்பேன். அப்படி ஒன்று அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. "பின்னால சிலுங் சிலுங்னு ஒண்ணு வருதே, அது இன்னா?" என்று கேட்டேன்.

"அது இத்தினி நாளா இடது பொட்டியில இருந்துது" என்றார். பெட்டியின் முகத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டு, "என் கொழாயில இடது ஏது, வலது ஏது? எல்லாக் கொழாயிலயும் ஒரே பாட்டுதான். நாப்பது வருஷமா நான் கட்டுனது ஒரு காதுக்காரிக்கே போதும்" என்றார். அது கோபமா தமாஷா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் பேசிவிட்டார்.

அன்று மத்தியானம் தறி நின்றது. ஓரகத்தி வந்தாள். பச்சை நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது, போய் உட்கார்ந்தாள். முன்னால் கையை நீட்டினாள். பாட்டு அவளுக்குப் பின்னால், மூலையில், ராட்டைப் பக்கத்திலிருந்து வந்தது.

"இன்னா மாமா இது, எல்லாம் ஒரே பக்கமா கேக்குது? ஒரு பொட்டி என்னாச்சு?"

நான் ராட்டையை நிறுத்தினேன். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன். சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் வாய் நிற்காது.

"எனக்கு இப்டிதான்மா புடிக்குது" என்றார். "ரெண்டு பொட்டி வெச்சா கச்சகச்சன்னு இருக்குது."

"அய்ய, நல்லாவே இல்ல மாமா. முன்ன எவ்ளோ நல்லா நடுவுல வந்துது!"

"பழகிடும்."

எழுந்தாள். நாற்காலியை இழுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அங்கே நின்று பார்த்தாள், இங்கே நின்று பார்த்தாள். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசியில் என்னையும் பெட்டியையும் பார்த்தாள். நான் காதுத் தோட்டைத் தடவிக்கொண்டேன். அந்தக் கோடையில் நான் பட்டதெல்லாம் அவள் முகத்தில் ஒரு நிமிஷம் வந்து போனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்து ரசித்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

அவருக்கு நஷ்டம்தான், எனக்குத் தெரியும். சில நாள் சுருட்டி வைத்த ஒயரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். போன மாதம் நானே சொன்னேன்: "வாரத்துல ரெண்டு நாளு பழையபடி வெச்சி நீங்க கேளுங்க."

"நாற்காலியில யாரு ஒக்கார்றது?"

"நீங்க ஒக்காருங்க. உங்களுக்குத்தானே புள்ள அனுப்புனான்."

"அவ வந்தா?"

"தரையில ஒக்காரட்டும்."

சிரித்தார். இப்போது செவ்வாய், சனி இரண்டு நாளும் அவர் அந்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறார். முதல் தடவை உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, அத்தனை நாளும் இந்த மனுஷன் ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து கேட்கவில்லை. நாற்பது வருஷமும் அப்படித்தான், கட்டிவிட்டுக் குழாய்க்குப் பின்னாலேயே நின்று பழக்கம்.

மற்ற நாளில் ஓரகத்தி வந்து என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். முன்பெல்லாம் யார் வந்தாலும் வலது பக்கம் உட்காருங்கள் என்று நகர்ந்து இடம் விடுவேன். இப்போது வலது பக்கம் பெட்டி இருக்கிறது. "இந்தாண்ட வா" என்று இடது பக்கம் பாயைத் தட்டுகிறேன். அவள் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கதை, அவள் மருமகள் கதை, பாட்டில் தபேலா எங்கே இருக்க வேண்டும் என்ற கதை, எல்லாவற்றையும் சொல்கிறாள். வாய் அசைவது ஓரக்கண்ணில் தெரிகிறது. அவ்வப்போது தலையாட்டுகிறேன். ராட்டை சுற்றுகிறது, அந்தம்மா பாடுகிறாள்.